மூச்சால் பேசிய முப்பிடாதி

ஷெர்லின் தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். அதற்குள் சிவப்பு நூல்கண்டு, மரக்கட்டைகள், படம் போட்ட அட்டைகள், துணிப் பொம்மை, ஒரு சின்ன மணி. படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

"இன்னாம்மா, டியூஷன் டீச்சரா?"

"இல்லண்ணா. கொயந்தைங்க எப்டி வளருதுன்னு பாத்து எழுதறோம்."

"அதுல பாக்க இன்னா கீது? சோறு போட்டா வளந்துகினு போவுது."

ஷெர்லின் சிரித்துவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

அப்போது அவள் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நல்லது ஒரு பக்கம் போகும், ரிஜெக்ட் இன்னொரு பக்கம் போகும். ஷிப்ட் முடிந்து வந்து, கால் வீக்கத்தோடு உட்கார்ந்து, அஞ்சல் வழியில் உளவியல் படித்தாள். அவர்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். ரிசல்ட் வந்த அன்று, ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா யாரிடமும் கேட்காமல் வண்டியின் பின்னால் 'ஷெர்லின் பி.எஸ்ஸி.' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ரூட்டில் பாதிப்பேர் அது வண்டியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் டாக்டர் நாச்சியார் ஓர் ஆய்வு தொடங்கியபோது ஷெர்லினை வேலைக்கு எடுத்தார். வெளியூரிலிருந்து வந்து ஒற்றை ரூமில் குடியிருக்கும் ஷிப்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள் எப்படித் தூங்குகின்றன, எங்கே விழுந்து அடிபடுகின்றன, எப்போது பேசுகின்றன என்பதையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. சேர்ந்த புதிதில் ஷெர்லினுக்கு இதுவும் லைன் வேலை மாதிரிதான் தெரிந்தது. இந்த வயசுக்கு இதைச் செய்தால் சரி, செய்யாவிட்டால் குறை. ஆனால் நூல்கண்டைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்தபோது, தவழத் தெரியாத ஒரு குழந்தை அவள் முகத்தைப் பார்த்து, துண்டைப் பார்த்து, பிறகு மெதுவாகத் துண்டைத் தூக்கியதே, அன்றைக்கு அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் பொருள் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சொன்னாள். "நீகூடத்தான் தூக்குன. அப்போ யாரு எழுதிகினாங்க?" என்றாள் அம்மா.

முப்பிடாதியை அவள் பார்த்தது ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லைன் வீட்டில். வரிசையாக ரூம்கள், மேலே தகரம், கோடியில் ஒரு குழாய். எல்லா ரூமிலும் தெற்கத்தி ஆட்கள். ஒருவர் வேலைக்குப் போகும்போது இன்னொருவர் வந்து படுப்பார். அங்கே எந்த நேரத்திலும் யாராவது உறங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர் வெங்கடேசன் வாடகைக்கு விடும்போதே கறாராகச் சொல்லிவிடுவார்: "பகல்ல சவுண்டு வரக்கூடாது. நைட் ஷிப்ட் பசங்க கம்ப்ளெயிண்ட் பண்ணா அன்னிக்கே காலி பண்ணிடணும்."

வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், கார் பாகம் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்ட். அவன் மனைவி சந்தனமாரி. அவர்கள் பெண் பிள்ளை முப்பிடாதிக்குக் குலதெய்வத்தின் பெயர். மூன்று வயது நடக்கிறது.

முதல் தடவை போனபோது ஷெர்லின் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மணியை ஆட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். கட்டையின் மேல் கட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தது. அட்டையைக் காட்டி, "இது இன்னா, கண்ணு? சொல்லு" என்றாள். பிள்ளை அவள் வாயைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, உதட்டை இறுக்கிக்கொண்டது.

"பேச்சு வரலக்கா," என்று சந்தனமாரி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஒரு வார்த்த கூடவா?"

"சும்மா முனங்குவா. பேச்செல்லாம் கெடையாது."

ஷெர்லினின் கை ஆய்வுப் படிவத்தில் அதற்கேற்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டது. காது கேட்கவில்லையோ, பேச்சு தாமதமோ, பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். கிளம்பும்போது சந்தனமாரி குழாயடிவரைக்கும் கூடவே வந்தாள்.

"எக்கா, நீங்க எழுதுனத அவியகிட்ட இன்னிக்குச் சொல்லாதிய. எங்க மதினி, அவியளுக்கு அக்கா, பிள்ளைய ஊருக்கு அனுப்புன்னு ஒத்தக் கால்ல நிக்காவ. ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு."

"நீயும் கூடப் போயிடேன்."

"நான் வரப்படாதாம். எங்கூட இருந்துதான் அது ஊமையாப் போச்சாம். பேச்சு வார வரைக்கும் அவிய வளக்கப் போறாவளாம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை. "நீங்களும் கொறைன்னு எழுதிட்டா, எம்பிள்ளைய நான் எங்கன போய்க் கேக்க?"

மறுநாள் ஷெர்லின் நாச்சியாரிடம் சொன்னாள். நாச்சியார் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, "கட்டையை எல்லாம் ஒழுங்கா அடுக்குச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா அடுக்குச்சு மேடம். எங்கிட்ட இல்லாத கட்டைக்குக்கூட எடம் விட்டு வெச்சுச்சு."

"அப்ப இன்னொரு தடவ போய்ப் பாருங்க. டெஸ்ட் பண்ண வேணாம். சும்மா உக்காந்துட்டு வாங்க. நான் சனிக்கிழமை காது டாக்டர்கிட்ட நேரம் கேட்டு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் ஷெர்லின் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். வேல்ராஜ் சுவரைப் பார்த்து உறங்கிக்கொண்டிருந்தான். சந்தனமாரி அரிசி புடைக்கிற சத்தம்கூட மெல்லியதாகத்தான் இருந்தது. பிள்ளை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஷெர்லினின் போன் அலறியது. பிள்ளையின் தலை அசையவில்லை. பக்கத்து ரூமிலிருந்துதான் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

"ஏ, யாரு அது? செத்த நேரம் ஒறங்க விடுங்கப்பா."

அது அருள்பாண்டியின் குரல் என்று சந்தனமாரி கையால் சாடை காட்டினாள். ஷெர்லின் போனை அமுக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல் கிசுகிசுத்தாள்: "ஐயோ, தூங்கினு இருந்தாரா?"

பிள்ளை சட்டென்று திரும்பியது.

அலறிய போனுக்குத் திரும்பாத தலை, காற்றில் கரைகிற ஒரு கிசுகிசுப்புக்குத் திரும்பியது. திரும்பியதோடு நிற்கவில்லை. ஷெர்லினின் காதுப் பக்கம் வந்து, குரலே இல்லாமல், வெறும் மூச்சால் சொன்னது:

"ஒறங்குதாவ. நைட்டு வேல. நீ பைய்யப் பேசு."

ஷெர்லினும் குரலைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சால் கேட்டாள்.

"வேற யாரெல்லாம் தூங்குறாங்க?"

பிள்ளை அவள் விரலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் கிடந்த செருப்புகளைக் காட்டியது. "மாசானம் மாமா செருப்பு கெடக்கு. ஒறங்குதாவ. இந்த மாமா செருப்பு இல்ல. வேலைக்குப் போயிட்டாவ. அவ்வொ வந்தா இந்த மாமா போவாவ. இந்த மாமா கட்டில்ல அந்த மாமா படுப்பாவ." கொஞ்சம் யோசித்து, "ஒரு கட்டில்தான் இருக்கு, பாவம்," என்றது.

ஷெர்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர்கள் பலகை வைத்து எழுதிக்கொண்டிருக்கிற ஷிப்ட் கணக்கை இந்தப் பிள்ளை செருப்புகளைப் பார்த்தே படித்துக்கொண்டிருந்தது. அதோடு, இன்னொருவருக்குத் தூக்கம் வேண்டும் என்பதையும், கட்டில் ஒன்றுதான் என்றால் அது கஷ்டம் என்பதையும் அது உணர்ந்திருந்தது. அவள் படித்த புத்தகங்களில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அட்டைகளை எடுத்து மூச்சால் கேட்டாள். நாய், பஸ், குடை எல்லாம் வந்தன. துடைப்பத்தைக் காட்டி, "இது தொடப்பம்தானே?" என்றாள். பிள்ளை அவளை இரக்கத்தோடு பார்த்து, "வாரியல்," என்று திருத்தியது. கடைசியாக ஷெர்லின் மணியை எடுத்து அதன் கண்ணுக்கு எதிரிலேயே ஆட்டிவிட்டு, "இது கேக்குதா?" என்றாள்.

"கேக்கும்."

"அப்றம் ஏன் திரும்பல?"

"அது நமக்கில்ல," என்றது முப்பிடாதி.

ஒவ்வொரு ரூமிலும் ஒவ்வொரு நேரத்துக்கு அலாரம் அடிக்கிற இடத்தில் பிறந்த பிள்ளை அது. எந்த மணியும் தனக்காக அடிக்கவில்லை என்று அது எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டது.

ஷெர்லின் சந்தனமாரியைப் பார்த்தாள். "இன்னாம்மா, இவ்ளோ பேசுது. பேச்சு வரலன்ன?"

சந்தனமாரி திகைத்தாள். "இது பேச்சாக்கா? குசுகுசுப்புல்லா? எந்நேரமும் இப்பிடித்தான் முனங்கிக்கிட்டுக் கெடப்பா. வாயத் தொறந்து பேசச் சொன்னா மாட்டா."

"நீ எப்டி பேசற அவகிட்ட?"

சந்தனமாரி தாழ்ந்த குரலில் பதில் சொல்லத் தொடங்கி, தன் குரலைத் தானே கேட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பிள்ளை அழுதால் வாயைப் பொத்தி, சிரித்தால் உதட்டில் விரல் வைத்து, தாலாட்டைக்கூடக் காதுக்குள்ளேயே பாடியது அவள்தான். பிள்ளை தாயின் பேச்சை அச்சாகக் கற்றிருந்தது.

வேல்ராஜ் எழுந்து உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ, முகத்தில் வெளிச்சம் இல்லை.

"மேடம், நீங்க சொல்லுதது சரிதான். ஆனா நாளைக்குப் பள்ளிக்கொடத்துல போயி டீச்சர் காதுலயா சொல்லும்? ரோட்டுல வண்டி வந்தா 'யப்பா'ன்னு ஒரு சத்தம் போட வேண்டாமா? எங்க அக்கா வீட்டுல நாலு பிள்ளைய கத்திக்கிட்டுக் கெடக்கும். அங்க போனா தொண்ட தெறக்கும்."

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட காட்டிடலாம்ணா," என்றாள் ஷெர்லின். அவன் பயம் நியாயமானது.

சனிக்கிழமை ஷெர்லினின் அப்பாதான் எல்லோரையும் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள், தொண்டையைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. நாச்சியாரும் வந்திருந்தார். குனிந்து முப்பிடாதியோடு ரொம்ப நேரம் கிசுகிசுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"குரல் இருக்கு. அதுக்கு இதுவரைக்கும் அவசியம் வரல, அவ்வளவுதான். நூறு சதுரடி ரூமுல அம்மா கைக்கெட்டற தூரத்துல இருக்கா. எதுக்குச் சத்தம் போடணும்?" என்றார் வேல்ராஜிடம். "எப்ப வரும்னு என்னால தேதி சொல்ல முடியாது. ஆனா தாயைப் பிரிக்க வேணாம். அது இந்த வயசுல தாங்காது."

வேல்ராஜ் தலையாட்டினான். ஆட்டோவில் ஏறியதும் சொன்னான்: "நல்லா இருக்குன்னு சொல்லிட்டாவ. சத்தம் எங்க?"

சந்தனமாரி ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்த கை தளரவே இல்லை.

திரும்பி வரும் வழியில் மனை போட்ட ஒரு பெரிய வெளியருகே ஷெர்லினின் அப்பா டீக்காக வண்டியை நிறுத்தினார். கல் நட்டு, கொடி கட்டி, ஒரு வீடுகூட எழும்பாத வெட்டவெளி. வேல்ராஜின் போன் அடித்தது. அக்கா. நாளை எந்த பஸ், எங்கே ஏற்றிவிடுவது என்று கேட்கத்தான் இருக்கும். காற்றிரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு அவன் மனைக்கற்களுக்கு நடுவே நடந்து போனான்.

தன் அப்பா போவதை முப்பிடாதி பார்த்தது. இரண்டடி எடுத்து வைத்து மூச்சால் கூப்பிட்டது. அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. அவன் இன்னும் தள்ளிப் போனான். பிள்ளைக்கு அது புதிது. அதன் உலகத்தில் கிசுகிசுத்தால் எட்டாத தூரம் என்று ஒன்று இதுவரை இருந்ததே இல்லை. கூப்பிட வாயெடுத்த சந்தனமாரியின் கையை ஷெர்லின் பிடித்து நிறுத்தினாள்.

பிள்ளை தன் வாயைத் தொட்டுப் பார்த்தது. தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருக்கும் அப்பாவைப் பார்த்தது. அதன் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. முதலில் கரகரவென்று என்னவோ உடைந்து வந்தது. பிறகு வந்தது குரல்.

"யப்போ."

டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். தடித்த, கட்டையான, தெற்கத்திக் குரல். இவ்வளவு நாளும் அது எங்கே இருந்ததோ. ஒரு மனுஷப் பிள்ளை தனக்குள் இருக்கும் குரலைத் தானே தேடி எடுப்பதை ஷெர்லின் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்குள் நிற்பதுபோல் அவளுக்குக் கால் செருப்பிலிருந்து நழுவியது.

முப்பிடாதி பயந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. யார் எழுந்துவிட்டார்கள் என்று சுற்றிலும் பார்த்தது. சந்தனமாரி மண்டியிட்டு அந்தக் கைகளை விலக்கினாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் குரல் வந்ததுபோல உரக்கச் சொன்னாள்: "இங்கன யாரும் ஒறங்கல ஆத்தா. கூப்புடு."

தூரத்தில் வேல்ராஜ் கல்லாக நின்றிருந்தான். பிறகு போனில் சொன்னது காற்றோடு வந்து காதில் விழுந்தது: "எக்கா, நாளைக்கு வரல. பிள்ள கூப்புடுதா."

போனைப் பைக்குள் போட்டவன் அவர்களை நோக்கி வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு மனை தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு காத்து நின்றான். பிள்ளை இன்னும் பலமாக மூச்சை இழுத்தது.