அண்ணன் வந்த விமானம்

துபாயிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்த விமானத்தை என் கணினியில் முப்பது முறைக்கு மேல் ஓட்டிவிட்டேன். நேற்றுவரை ஒருமுறைகூட இறக்கவில்லை.

அது விமானம் ஓட்டும் மென்பொருள். விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். திருவனந்தபுரம் ஓடுபாதையின் அதிர்வெண்ணை ரேடியோவில் போட்டதும், முகப்பில் உள்ள வட்டத்தில் இரண்டு முட்கள் அசையத் தொடங்கும். நின்ற முள், ஓடுபாதைக்கு நேராக வருகிறோமா என்று காட்டும். படுத்த முள், சரியான சரிவில் இறங்குகிறோமா என்று காட்டும். இரண்டும் நடுவில் கூட்டல் குறிபோல் நின்றால் மேகத்துக்குள்ளும் தைரியமாக வரலாம்.

அண்ணனுக்கு இதெல்லாம் கேலி. ஜாய்ஸ்டிக் வாங்கி அனுப்பியவனே அவன்தான்.

"ஏலே, உனக்க பிளேன்ல ஏறினா நான் ஊரு வந்து சேர்ந்த மாதிரிதான்" என்பான் வீடியோ காலில்.

"நீ ஏறு. எறக்கிக் காட்டுகேன்" என்பேன்.

இரண்டு மாதம் முன்பு, அங்கே அறையில் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். காகித வேலையெல்லாம் முடிந்து உடல் வர ஒன்பது நாள் ஆனது. நானும் அம்மாவும் காலையிலேயே வேனில் திருவனந்தபுரம் போனோம். போய், பயணிகள் வெளியே வரும் வாசலில் நின்றோம். பழக்கம். அவன் லீவில் வரும்போதெல்லாம் அங்கேதான் நிற்போம். ஆட்கள் டிராலி தள்ளிக்கொண்டு வந்தார்கள், பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். நாங்களும் எட்டி எட்டிப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வேன் டிரைவர் தேடி வந்தார்.

"இங்க இல்லண்ணே. கார்கோ வாசல் அந்தப் பக்கம்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினோம்.

நான் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பேசட்டும். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது.

சடங்குகள் முடிந்த மறுநாள் பிற்பகல் கணினியைத் திறந்தேன். கடலைத் தாண்டி, தெற்கே எங்கள் குழித்துறைப் பக்கம் சுற்றித் திரும்பி, இறங்கத் தொடங்கினேன். முட்கள் இரண்டும் நடுவில். குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் ஏறிவிட்டேன். அன்று தொடங்கி தினமும் அதே கதைதான். இறக்கினால் பெட்டியை வாங்க வேண்டியிருக்கும்.

நேற்று பிற்பகல் அம்மா காப்பியோடு வந்து பின்னால் நின்றாள்.

"இது எந்தப் பிளேன் மக்கா?"

"அண்ணன் வந்தது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஓடுபாதைவரை வந்து மேலே ஏறினேன். சுற்றி வந்து, மறுபடி ஏறினேன். காப்பி ஆறிப்போனது.

"எத்தற நேரம் அவனை மேலயே போட்டுச் சுத்துவ? களைச்சுப் போயிருப்பான். எறக்கு மக்கா."

மறுபடி இறங்கத் தொடங்கினேன். நின்ற முள் விலகியது, திருத்தினேன். படுத்த முள்ளும் விலகியது, அதையும் திருத்தினேன். சக்கரம் தரையைத் தொட்டபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்து ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும், எந்தப் பக்கம் கொண்டுபோக என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நாம மொதல்ல போயி நின்னோமே, அந்த வாசலுக்கு."

கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். இதில் யாரும் இறங்கி வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன்.