வீடா, கடையா?

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தென்காசிக் கடைத்தெருவை அளந்து படம் போட வந்த ஆபீஸ்காரர். மை பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார்; அதனால் கீழுதடு எப்போதும் ஊதாவாகவே இருக்கும்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் வீடு அல்லது கடை என்று எழுதிக்கொண்டே வந்தார். வீடு என்று எழுதினால் அங்கே இனி வியாபாரம் கூடாது. கடை என்று எழுதினால் யாரும் குடியிருக்கக் கூடாது. நாங்களோ முன்னறையில் முறுக்கு விற்றோம், பின்னறையில் படுத்தோம்.

அன்று நல்ல சாரல். என் வீட்டுக்காரர் முறுக்குக் கூடையோடு குற்றாலம் போயிருந்தார். அந்நிய ஆணிடம் அதுவரை பேசியறியாத நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“வீடா, கடையா? சொல்லுங்கம்மா.”

எதிர்க்கடை அண்ணாச்சி, “ஏ பிள்ள, கடைன்னு சொல்லு!” என்று கத்தினார்.

உள்ளேயிருந்து மாமியார், “ஏட்டி, வீடுன்னு சொல்லு. நாம எங்கன போய்ப் படுக்க?” என்றாள்.

கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தேன். “அய்யா, அடுப்பு ஒண்ணுதான் இருக்கு. அதுலதான் முறுக்கும் சுடுதோம், சோறும் பொங்குதோம்,” என்றேன்.

“கேட்டது என்ன, இவ சொல்லுதது என்ன!” என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஆபீஸ்காரர் சிரிக்கவில்லை. பென்சிலை நாக்குவரை கொண்டுபோனவர், தொடாமலே இறக்கிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

பிறகு அந்தப் படத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். தெரு முழுக்க எழுத்து. எங்கள் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கடைக்கு மேல் குடியிருந்த அண்ணாச்சிக்குக்கூட நோட்டீஸ் வந்தது, எங்களுக்கு வரவில்லை.

மறந்திருப்பார் என்றே வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். பென்சில் நாக்கைத் தொடாமல் இறங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.