மஹ்பூபா கழற்றிய திருகாணிகள்

மஹ்பூபா எனக்கு மச்சி முறை. என் பெரியம்மா மகன் நூகு நானாவுக்கு வாழ்க்கைப்பட்டு நெரவியிலிருந்து காரைக்காலுக்கு வந்தவள். நானா சைகோனில் மவுத்தாகி இவள் கைம்பெண்ணானபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை.

எங்கள் பெண்களுக்குக் காது நிறைய நகை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருகாணி. எண்ணெயும் வியர்வையும் ஏறி வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கும். ஒரு பெண் மவுத்தானால், குளிப்பாட்டுவதற்கு முன் அதையெல்லாம் கழற்ற வேண்டும். அதற்கு மஹ்பூபாவைத்தான் அழைப்பார்கள். ஒரு காதைக்கூட அவள் கிழித்ததில்லை. ஆனால் அந்தக் கையைக் கண்டே பெண்கள் அஞ்சினார்கள். கல்யாண வீட்டில் அவள் வெற்றிலைத் தட்டை எடுத்தால், யாராவது வந்து மெல்ல வாங்கிக்கொள்வார்கள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் என் கூடப்பிறந்த அக்கா, ஜன்னத் லாத்தாவின் மகளுக்கு நிக்காஹ். லாத்தாவின் புருஷன், மச்சான் ஜெய்னுலாபுதீன், தான் சைகோனில் ஒன்பது வருஷம் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைத்தான் மருமகனுக்குப் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எஃகு செயின் வைத்தது. அளவு பார்க்க முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

நிக்காஹ் அன்று காலையில் மாப்பிள்ளையின் உம்மா அமீர் நிஷா கல்யாணப் புடவையோடு வந்தார். கையில் அந்தக் கடிகாரமும் இருந்தது.

"சம்பந்தி, இது கடிகாரமா, தோள்ல மாட்டுற வங்கியா? என் புள்ள கையைத் தூக்குனா முழங்கைக்கு மேல போய் உக்காந்துக்குது!"

எல்லோரும் சிரித்தோம். லாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

கடைத்தெருவிலிருந்து கடிகாரக்காரர் தர்மலிங்கத்தை அழைத்து வந்தார்கள். செயினில் நாலு கண்ணி எடுக்க வேண்டும். கண்ணிக்குக் கண்ணி சின்னதாக ஒரு திருகாணி. ஒரு மணி நேரம் திருப்பிப் பார்த்தார். அது சுற்றியதே தவிர வெளியே வரவில்லை.

"உப்பு ஏறிப்போச்சுங்க பாய், மரை செத்துப்போச்சு. வெட்டித்தான் எடுக்கணும். வெட்டுனா மறுபடி கோக்க இந்த ஊர்ல ஆணி கிடையாது."

மச்சான் முகம் கறுத்துப்போனது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மஹ்பூபா மச்சியைக் கேட்டா என்ன? இதுவும் திருகாணிதானே?"

"வாயை மூடுடி" என்றாள் லாத்தா. "மையத்துக் காதைத் தொடுற கை. மாப்பிள்ளைக்குப் போடுற சாமான்ல படணுமா?"

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மச்சிக்கு அது கேட்டது. கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"யாரு அது? கூப்பிடுங்க" என்றார் அமீர் நிஷா. "வெட்டிட்டா என் புள்ளைக்கு வெறுங்கைதான்."

மச்சி மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எந்த ஆயுதத்தையும் எடுக்கவில்லை. கண்ணை மூடி, ஒரு திருகாணியின் இரண்டு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தடவினாள்.

"இந்தப் பக்கத்துலேருந்து மட்டும் திருப்புனாங்களா?"

"ஆமா மச்சி."

"தோட்டைப் பிடிக்காம திருகாணியைத் திருப்புனா எல்லாம் சேந்துதானே சுத்தும்? இதுக்குப் பின்பக்கமும் வாய் இருக்கு. அழுக்கு அடைச்சிருக்கு."

ஊசியால் சுரண்டினாள். மயிரிழை போல ஒரு பிளவு தெரிந்தது. ஆண்கள் பக்கம் மறைத்த திரைக்கு அப்பாலிருந்து செயினை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்த தர்மலிங்கம், "அட!" என்றார். தன்னிடமிருந்த இரண்டு சின்னத் திருப்புளிகளையும் உள்ளே கொடுத்தனுப்பினார்.

மச்சி கரண்டியில் தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணி, பஞ்சில் நனைத்துச் செயினில் வைத்தாள். பிறகு சும்மா இருந்தாள்.

"என்ன மச்சி, உக்காந்துட்டீங்க?"

"ஊறட்டும். காதுன்னா அவங்ககிட்ட பேசிக்கிட்டிருப்பேன்."

"மையத்துக்கிட்டயா?"

"அவங்ககிட்டத்தான். கொஞ்ச நேரம்மா, வலிக்காதும்மா, இதோ ஆச்சும்மான்னு."

லாத்தா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எண்ணெய் ஊறியதும் மச்சி பின்முனையில் ஒரு திருப்புளியை வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னாள். "அசையாதே." முன்முனையை அவள் திருப்பினாள், அதுவும் இறுக்குகிற பக்கமாக! "முதல்ல உப்பு உடையணும்" என்றாள். 'கிறுக்'கென்று ஒரு சத்தம், எறும்பு பல்லைக் கடித்தது போல. அப்புறம்தான் எதிர்ப்பக்கம் திருப்பினாள். ஒன்பது வருஷத்துக் கடல் உப்பை உதறிவிட்டுத் திருகாணி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இத்தனை வயதில் கப்பல் பார்த்தேன், ஆகாய விமானம் பார்த்தேன். அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

நாலும் வந்தன. கடைசி ஒன்று மட்டும் மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை அடம்பிடித்தது. ஒரு தலைகூட மழுங்கவில்லை.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை கையில் கடிகாரம் அளவாக நின்றது. பெண்களுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு தாம்பாளத்துச் சோற்றில் நாலு பேர் சேர்ந்து கை போட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அமீர் நிஷாவின் சஹனில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"மஹ்பூபா, இங்க வா."

"நான் அடுப்படியிலயே சாப்பிட்டுக்கிறேங்க."

"உன் கை பட்ட சாமானை என் புள்ள கையில கட்டியிருக்கான். என் சோத்துல உன் கை படக் கூடாதா? உக்காரு. ஆறுது."

மச்சி உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லிக் கையை நீட்டி, தாம்பாளத்தின் ஓரத்தில் நாலு பருக்கை மட்டும் எடுத்தாள். அமீர் நிஷா அதைப் பார்க்காதவர் போல, பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவைத்தார்.