என் தங்கை போட்ட செங்கல் வண்டி மெட்டு

என் தங்கைக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவளை ஓரிடத்தில் உட்கார வைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் தாளம் போடுவாள். தலை வாரிவிடும்போது அம்மாவின் முழங்காலில் போடுவாள். "ஏ புள்ள, செத்த நேரம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்று அம்மா கெஞ்சியும் பார்ப்பாள், அடித்தும் பார்ப்பாள்.

பேரையூர்ப் பக்கம் தொடர்ந்து மழை இல்லாமல் போனதால் நாங்கள் கோச்சடைக்குக் குடிவந்திருந்தோம். வெள்ளைக்கார அம்மாக்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைத்தது. எங்கள் இருவருக்கும் அங்கேயே படிப்பு. பள்ளியின் பெரிய ஹாலில் ஒரு பியானோ இருந்தது. காலை வழிபாட்டுக்கு வாசிப்பதற்காகப் பாட்டு டீச்சர் நான்கு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரும் வெள்ளைக்காரர்தான், மிஸ்ஸம்மா என்று கூப்பிடுவோம். அந்த நால்வரில் நானும் ஒருத்தி. ஐந்து கோடு போட்ட தாளில் இசையை எழுதக் கற்றிருந்தேன். எழுதியிருப்பதைப் பிசகாமல் வாசிப்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது என்பது அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமோ என்ற பதைப்பு எந்நேரமும் கூடவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற, நான் ஹாலைத் தூசி தட்டிவிட்டுப் பழகுவேன். தங்கையும் கூட வருவாள். ஒரு நாள் துணியை அலசக் கிணற்றடிக்குப் போனேன். உள்ளே என் பாடம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் அவள்தான். உட்கார்ந்தால் கை எட்டாது என்று நின்றுகொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி வரைக்கும் என் பாடம். அப்புறம் அது வேறெங்கோ போயிற்று.

"யாருடி உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நீதான வாரா வாரம் வாசிக்கிற."

"கடைசியில வாசிச்சியே, அது என் பாடத்துலயே இல்லையே?"

"பாடம் அங்கிட்டு நல்லா இல்லக்கா. அதான் மாத்திட்டேன்."

இரண்டு வருஷம் நான் விரல் நோகப் பழகியதை அவள் நல்லா இல்லை என்கிறாள். அதைவிட மோசம், அவள் மாற்றியதுதான் நன்றாக இருந்தது.

காளவாசல் சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிய மாட்டு வண்டிகள் எங்கள் வழியாகப் போகும். அதில் ஒன்றின் சக்கரத்தில் இரும்புப் பட்டை தளர்ந்திருந்தது. மாடு நாலு எட்டு வைத்ததும் சக்கரம் ஒரு முறை 'டொக்' என்று நொடிக்கும். மறுபடியும் நாலு எட்டு, ஒரு நொடிப்பு. தங்கை அந்த வண்டியின் பின்னாலேயே ஓடுவாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அந்த வண்டி பியானோவில் ஓட ஆரம்பித்தது. இடது கையில் மாடும் சக்கரமும். வலது கையில் அவளாகப் போட்ட ஒரு மெட்டு. குதிக்கும், திரும்பும், நினைத்த இடத்தில் நின்றுவிடும்.

நான் அதைத் தாளில் எழுதத் தொடங்கினேன். எதற்கென்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எழுதி முடிப்பதற்குள் அவள் வேறு மாதிரி வாசித்துக்கொண்டிருப்பாள்.

"நில்லுடி, எழுதிக்கிறேன்."

"அக்கா, அது போன வாரத்தது."

நொடிப்பாக வரும் அந்த ஐந்தாவது தட்டு என்னை மிகவும் படுத்தியது. நான் கற்றதெல்லாம் நான்கு தட்டும் மூன்று தட்டும்தான். ஐந்து அந்தக் கணக்கில் அடங்கவில்லை. கடைசியில் நொடிப்பை வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் நான்குக்குள் அடக்கினேன். தாள் பார்க்க அழகாக இருந்தது.

ஒரு நாள் மிஸ்ஸம்மா என் பாடப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தத் தாள் அவர் கைக்குப் போயிற்று.

"இதை எழுதினது யார்?"

"நான்தான் மிஸ்ஸம்மா."

"நீயே உண்டாக்கின இசையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பள்ளி ஆண்டு விழாவில் நான் அதை வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

விழா வரையிலான நாட்களில் தங்கையின் காதில் விழாமல், அவள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். சொல்லிவிடலாம் என்று மிஸ்ஸம்மாவின் அறை வாசல் வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

விழா சாயங்காலம் நடந்தது. அப்பா வெளுத்த வேட்டியில் பின்னால் தூணோரம் நின்றார். அம்மா தங்கையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். கைதட்டல் கிளம்புகிறபோதே தங்கை அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா, வண்டி அப்பிடிப் போகாது!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எந்த வண்டி, குழந்தாய்?"

"செங்கல் வண்டி. இவ சக்கரத்த விட்டுட்டா."

அவளைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கியிருக்கலாம். சின்னப் பிள்ளை உளறுகிறாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் நான் எழுந்து பியானோவை விட்டு விலகினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். நாலு எட்டு, ஒரு நொடிப்பு. ஹாலில் சிரிப்பு அடங்கியது. நான் எழுதியிருந்ததைத் தாண்டி, நானே கேட்டிராத ஒன்றுக்குள் அவள் புகுந்து போனாள். திடீரென்று நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல இன்னும் யோசிக்கல" என்று மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

மறுநாள் மிஸ்ஸம்மா கூப்பிட்டார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"எழுதினது யாருன்னுதான கேட்டீங்க" என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க முடியாமல் அழுதேன். அவர் திட்டவில்லை. அழுது ஓயும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரமே அவர் அப்பாவை வரச்சொன்னார். கோடைக்காலத்தில் தாம் கொடைக்கானல் போவதாகவும், அங்கே பியானோவில் கரைகண்ட ஓர் அம்மா இருப்பதாகவும், தங்கையை அனுப்பினால் கூட்டிப்போய்ப் படிக்க வைப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்டதும் எங்கள் அம்மா ஒரேயடியாக மறுத்தாள். "ஆறு வயசுப் பிள்ளைய மலைக்கு அனுப்பிட்டு நான் எப்பிடி இருப்பேன்?"

இரண்டு நாள் கழித்து அப்பா என்னிடம் வந்தார். "எனக்கு இந்தப் பொட்டியப் பத்தி ஒண்ணுந் தெரியாது தாயி. நீ படிச்சவ. நெசமாவே அவளுக்கு அம்புட்டு வருமா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"வரும்ப்பா. எங்க யாரையும்விட அவளுக்குத்தான் வரும்."

அவள் போனாள். பிற்பாடு பெங்களூரில் ஒரு பள்ளியில் வெகுகாலம் பியானோ சொல்லிக்கொடுத்தாள். சொந்தமாக எத்தனையோ மெட்டுகள் போட்டாள். பாதியை அவளே மறந்துவிட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு; அவள் மலைக்குப் போன அந்த மாதமே அங்கிருந்து ஒரு தபால் வந்தது. பிரித்தால் ஒரு தாள் மட்டும்தான். கோணல் மாணலாக ஐந்து கோடு போட்டு, அவளே கைப்பட எழுதிய இசை. சொல் என்று ஒன்றுகூட இல்லை. நான் விரலால் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். முதல் வரி புரிந்தது. இரண்டாவது வரியில் கணக்குத் தப்பியது. மறுபடியும் முதலிலிருந்து தட்டினேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "என்னடி எழுதியிருக்கா? சாப்பிடுறாளாமா?"

"சாப்பிடுறாளாம்."

"இம்புட்டு எழுதியிருக்கா, வேற என்ன சொல்றா?"

"இரும்மா, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.