அக்கா பார்க்காத தரங்கம்பாடி

அம்சம் அக்காவின் கருமாதிப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். குடும்பத்தில் விஷயம் தெரிந்தவன் நான்தான் என்ற பழைய நம்பிக்கை இன்னும் யாரையும் விட்டுப் போகவில்லை. நாலு வரிக்குள் அவள் அடங்கவில்லை. எந்த வரியைத் தொடங்கினாலும் நடுவில் நான் வந்து நின்று வழியை மறித்தேன். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் மட்டும் கொடுத்தனுப்பினேன். மிச்சம் இது.

இலங்கையின் மலைத்தோட்டத்திலிருந்து நாங்கள் கப்பலேறி வந்தது எழுபத்திரண்டில். அப்பா இளையபெருமாள், அம்மா ராமாயி, அக்கா, நான். முன்னோர் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்று காகிதத்தில் இருந்ததால் அங்கே அனுப்பினார்கள். அப்பா டீக்கடை வைத்தார். காப்பி குடிக்கிற சீமையில் பால் ஊற்றாத தேத்தண்ணி விற்கலாம் என்ற யோசனையைச் சொன்னவன் நான்.

அக்காவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பத்து வருடம் கொழுந்து பறித்தவள். மலை இல்லாத இடத்தை ஊர் என்றே அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்க பாத்தாலும் தட்டை. மூடியில்லாத சட்டியில நிக்கிற மாதிரி இருக்கு. நான் திரும்பிப் போறேன்."

வெறும் பேச்சில்லை. அங்கேயே தங்கிவிட்ட அத்தை, தன் மகனுக்கு அவளைக் கேட்டுக் கடிதம் போட்டிருந்தாள். போனால் போனதுதான், மறுபடி பார்க்க முடியாது. அப்பா கெஞ்சினார்.

"நாலு நாள் நம்ம நாட்டைச் சுத்திப் பாரும்மா. அப்பவும் புடிக்கலேன்னா நானே கப்பலேத்தி விடுறேன்."

எழுபத்துமூன்று கோடை லீவில் கிளம்பினோம். வழிகாட்டி நான். கும்பகோணத்தில் கல்லூரி முதலாண்டு முடித்திருந்தேன், பாடம் வரலாறு. 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தலைப்பிட்ட குறிப்பேடு வைத்திருந்தேன். மற்றவர்கள் பாய், கம்பளி, சோற்றுச் சட்டி, ஒரு பை அரிசி என்று தூக்கிக்கொண்டார்கள். எனக்குக் குறிப்பேடே கனமாக இருந்தது.

மகாமகக் குளத்தின் பெருமையை அரைமணி நேரம் சொன்னேன். அக்கா, "தண்ணி பச்சையா இருக்கு" என்றாள். திருக்கடையூரில் அறுபது வயதுத் தம்பதிகள் வரிசையாக மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏன்டா, இந்த நாட்டுல கல்யாணம் பண்ண அறுவது வயசாகணுமா?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மூன்று நாள் முடிந்திருந்தது.

கடைசி நம்பிக்கை தரங்கம்பாடிக் கடல். பஸ்ஸில் போகும்போது சுவர்களில் 'உழுபவனுக்கே நிலம்' என்று எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, "நில உச்சவரம்புச் சட்டம் வந்தாச்சுப்பா. இங்க இனிமே பண்ணையும் கெடையாது, மிராசும் கெடையாது" என்று விளக்கினேன். அதே உற்சாகத்தில், மூன்று மைல்தான், கிராமங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று பாதியில் இறங்க வைத்தேன். "இங்க எதுக்குங்க எறங்குறீங்க?" என்று கண்டக்டர் கேட்டதை நான் மதிக்கவில்லை.

புளியமரத்தடியில் மூட்டைகளோடு நின்றோம். ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. காதில் பென்சில் செருகியவர் எட்டிப் பார்த்தார்.

"மாயவரத்துலேர்ந்து வர்றவங்கதானே?"

முந்தின ராத்திரி மாயவரத்தில் தங்கி, காலையில் அங்கேதான் பஸ் ஏறியிருந்தோம். "ஆமாங்க" என்றேன்.

"நாலே பேரா? சரி, வெயில்ல நிக்காம ஏறுங்க. சாப்பாடு தயாரா இருக்கு."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா அம்சம்? முன்னப்பின்ன தெரியாதவங்க, வண்டியும் குடுத்துச் சோறும் போடுறாங்க. இதுதாம்மா தாய்நாடு."

"சும்மா எவன்ப்பா சோறு போடுவான்?" என்றாள் அக்கா. காவிரிக் கரையின் விருந்தோம்பல் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

ஒரு பெரிய வீட்டின் கொல்லையில் இலை போட்டுச் சாம்பார் சோறு போட்டார்கள். நான் மறுசோறும் வாங்கினேன். அங்கிருந்து வயல் வரப்புக்குக் கூட்டிப் போனார்கள். அந்த மனிதர், பண்ணையின் காரியஸ்தர் சாரங்கபாணி, எங்களை வரிசையாக நிற்க வைத்து நோட்டைத் திறந்தார். விருந்தாளிகளின் பெயரைக் குறித்து வைக்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இ. நடராசன். பி.ஏ. முதலாண்டு."

"ஆம்பள ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். "ஆம்பள ரெண்டும் நாத்தங்காலுக்கு. பொம்பள ரெண்டும் நடவுக்கு."

அக்காவின் முகம் மாறியது. "அப்பா, இது பேரட்டு."

தோட்டத்தில் விடிந்ததும் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பார்களே, அதுதான் பேரட்டு. கடல் தாண்டி வந்தும் அவளுக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது. இரண்டு ஆட்சிகளின் நிலச் சட்டங்களைப் படித்த எனக்குத் தெரியவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செங்கொடி நட்டு இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திராமல் பம்புசெட் வைத்துக் குறுவை நடுகிற பண்ணை அது. பறித்த நாற்று முடிச்சுகள் வெயிலில் வாடிக் கிடந்தன. நடுவதற்கு வெளியூர் ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும் முன்னே நாங்கள் வந்து சோற்றையும் தின்றுவிட்டோம்.

"எவடி அவ, எங்க வவுத்துல மண்ணள்ளிப் போட வந்தவ?" என்று ஒரு குரல் கேட்டது. ரெங்கம்மாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

நான் முன்னால் போய்க் கையை உயர்த்தினேன். "தோழர்களே, நாங்கள் சுற்றுலாப் பயணிகள்!"

"சுத்துலாவா? பாயும் சட்டியும் தூக்கிக்கிட்டு எவன்டா சுத்துலா வருவான்?"

"பேச்சென்ன? சாப்பிட்டாச்சுல்ல, எறங்குங்க" என்றார் சாரங்கபாணி.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "அவங்க சோத்தைத் தின்னுட்டோமே, அம்சம். ஒருநாள் எறங்கிக் குடுத்துட்டுப் போயிடுவோம்மா." தன் நாட்டை மகளுக்குக் காட்ட வந்தவர், மகளைச் சேற்றில் இறக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அக்கா அரிசிப் பையை அவிழ்த்தாள். சாரங்கபாணியின் தோளில் கிடந்த துண்டை எடுத்து வரப்பில் விரித்து, நாலு பேருக்குத் தாராளமாக அள்ளிப் போட்டாள்.

"நாங்க தின்னதுக்குச் சரியாப் போச்சு. தம்பி ரெண்டாந்தரம் வாங்குனதுக்கும் சேத்துப் போட்டிருக்கேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலைக் கடந்து போனாள். அம்மாவும் அப்பாவும் பின்னால் போனார்கள். நான் குறிப்பேட்டை நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடுவில் வழுக்கி முழுசாக உள்ளே போனேன். எழுந்தபோது தலையில் பாசி. வேலைநிறுத்தம் மொத்தமும் சிரித்தது.

"ஏ புள்ளே, ஒனக்கு நடவாச்சும் தெரியுமா?" என்றாள் ரெங்கம்மாள்.

"தேயிலை பறிக்கத்தான் தெரியும்."

"கெட்டுது போ! தேயிலை பறிக்கிறவளக் கூட்டியாந்து நாத்து நடச் சொன்னானாக்கும்!" என்று சொல்லி, நகர்ந்து இடம் கொடுத்தாள். அக்கா உட்கார்ந்தாள். மாலை வரை உட்கார்ந்திருந்தாள். மிச்ச அரிசியை அவர்கள் உலையில் சேர்த்துப் பொங்கினார்கள். தரங்கம்பாடிக்குப் போகவில்லை.

வீடு திரும்பியதும், "அத்தைக்கு எழுது. நான் வரலேன்னு எழுது" என்றாள்.

காரணம் கேட்டேன்.

"இங்கயும் பேரட்டு இருக்கு. இங்கயும் முடியாதுன்னு ஒக்கார ஆளுங்க இருக்கு. பழகிக்கலாம்."

'தாயகத்தின் பண்பாட்டுச் சிறப்புகளில் மனம் பறிகொடுத்து' என்று எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், வாசித்துக் காட்டச் சொன்னாள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன்.

மறுவருடம் ரெங்கம்மாளின் தம்பி வீரையனைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போனாள். முதல் நடவில் அவள் வரிசை கோணியதை அந்த ஊர் பத்து வருடம் சொல்லிச் சிரித்தது. நாற்பது வருடம் அங்கே நட்டாள். கடைசிவரை அவளுக்கு 'சிலோன்காரி' என்றுதான் பெயர். அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வரப்பு வழியாகத்தான்.

குறிப்பேடு இன்னும் இருக்கிறது, சேற்றுக் கறையோடு. அதில் பதினேழு இடங்கள் எழுதியிருக்கிறேன். தரங்கம்பாடிக்கு நேராக 'பார்க்கவில்லை' என்று குறித்திருக்கிறேன். அக்காவின் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை.