அப்பா முதலில் கேட்ட கேள்வி

“கைய தூக்குனா எண்ண வேண்டியதுதான? அதுக்குப் போயி இன்னும் படிக்கணுமா?” என்றார் சித்தப்பா. வாக்கெடுப்புக் கணக்கில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு வந்த பதில் அது. அவருக்கு மறந்துவிட்டது. நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறை கைகளை எண்ணினார்கள். இரண்டு விடைகள் வந்தன.

அப்போது நான் பத்தாவது முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. கடலில் எந்தப் பக்கம் வலை விடுவது என்பதைக் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். என் விஷயத்தையும் அப்படியே தீர்க்க உட்கார்ந்தார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா என்று மூன்று கைகள். உப்பளம் பள்ளிக்கூடத்தில் மேலே படிப்பது, அம்மாவோடு மீன் விற்பது, சேதராப்பட்டு கம்பெனி வேலை என்று மூன்று வழிகள்.

நான் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இல்லாவிட்டால் அம்மாவோடு இருக்கட்டும், கம்பெனிக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அம்மாவுக்குக் கூடை தூக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் கம்பெனி, படிப்பு கடைசி. சித்தப்பாவுக்குக் கம்பெனிதான் பெரிது. அது இல்லாவிட்டால் படிப்பு, மீன் கூடை மட்டும் கூடாது.

அம்மா கேட்டாள். படிப்பா, கூடையா? படிப்புக்கு இரண்டு கை. சரி, படிப்பா, கம்பெனியா? கம்பெனிக்கு இரண்டு. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கரையேறிய அப்பா வலையைக்கூட உதறாமல் வந்தார். இன்னொரு தடவை கேட்கலாம் என்றார்.

“கேட்டுக்கோ. கை என்ன மாறவா போவுது?” என்றாள் அம்மா.

அப்பா முதலில் கேட்டது, கம்பெனியா, கூடையா? கூடைக்கு இரண்டு கை. அப்புறம் கூடையா, படிப்பா? படிப்புக்கு இரண்டு. மூன்றாம் தடவை யாராவது கேட்பதற்குள் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

சித்தப்பாதான் மனம் இரங்கினார் என்று நினைத்து, சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன்.

“நான் எங்க பாப்பா மாறுனேன்? எனக்கு இன்னிக்கும் கம்பெனிதான்” என்றார். கேலி செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

யாருமே மாறவில்லை என்பது கல்லூரியில் அந்த மூன்று பேரின் விருப்பத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. எதை நிறுத்தினாலும் அதைத் தோற்கடிக்க இன்னொன்று இருந்தது. கடைசிக் கேள்வியில் எது புதிதாக வந்ததோ அது ஜெயித்தது, அவ்வளவுதான். நான் நினைத்ததுபோல் எனக்காக யாரும் இரங்கவில்லை. அம்மா கேட்டதிலும் அநியாயம் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷமும் கூடையை அவள் தனியாகத்தான் தூக்கினாள். அப்பா தெரிந்துதான் மாற்றிக் கேட்டாரா? நான் கேட்டதில்லை.

ஆராய்ச்சி விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அந்த மூன்று வரிசைகளையும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வீட்டில் யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை.