எஸ்தர் வீட்டு வாசலில் செம்மண்

கூரம் கிராமத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகள் எஸ்தர். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளுக்குக் கையாளாக ஓடி ஓடி உழைத்து, பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு வாங்கினாள். அவள் வம்சத்தில் பட்டாவைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவள்தான். ஆனால் பாருங்கள், வீட்டுக்காரி என்பதெல்லாம் பெயரளவுக்குத்தான். அவள் குடியிருந்தது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், சனாவுல்லா பாயின் மாடியில், வாடகைக்கு. சொந்த வீட்டில் நெசவாளி உதயகுமார் குடும்பம் இருந்தது. தறி மிதிக்கக் கால் வைக்கும் குழியை முன்னறையில் தோண்டிக்கொள்ளவும் அவளே தலையாட்டியிருந்தாள்.

இப்போது பாய், மகன் இம்ரான் கல்யாணத்துக்கு மாடி வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எஸ்தரும் உதயகுமாரிடம் போய், தனக்கு வீடு வேண்டும் என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கிற நூல், அந்தப் பாவு, நெய்து முடியட்டும், கிளம்பிவிடுகிறோம் என்றான் அவன். தறியில் பாவு ஓடும்போது நெசவாளியைக் காலி பண்ணச் சொல்வது அந்தத் தெருவில் வழக்கமில்லை. இவளும் பெரிய மனுஷியாகச் சரி என்று வந்துவிட்டாள்.

வந்த பிறகு தோழி மேரி கொளுத்திப் போட்டாள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டே போவார்களாம், அது எந்தக் காலத்திலும் முடியாதாம். குழி தோண்டியவன் லேசில் போவானா, கோர்ட்டுக்குப் போனால் நீ கிழவியாகித்தான் உள்ளே நுழைவாய் என்றாள். எஸ்தர், ஊரார் மலச்சட்டி கழுவி வாங்கிய வீடாயிற்றே என்று அழுதாள்.

சனிக்கிழமை காலை நேரே போய்ப் பார்த்தாள். வாசலில் செம்மண் குவியல். உள்ளே மண்வெட்டிச் சத்தம். அடப்பாவி, ரெண்டாவது தறிக்குக் குழி தோண்டுகிறான்! வாயில் வராத வார்த்தைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

தறியைக் காணோம். கழற்றிய மரங்கள் சுவரோரம் சாத்தியிருந்தன. உதயகுமார் குழிக்குள் மண்ணைத் தள்ளி இடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி வடிவாம்பாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, இப்பிடி மூச்சு வாங்குது?” என்றான் அவன். “பாவு முடிஞ்சிடிச்சி, ஓரிக்கைல வீடு பாத்துட்டோம். குழிய மூடிக்கினு இருக்கோம். அப்பிடியே வுட்டுட்டுப் போனா நீங்க எப்பிடிக்கா இதுல நடமாடுவீங்க?”

எஸ்தர் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். தான் நினைத்ததை ஒளிக்காமல் சொன்னாள். வடிவாம்பாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டீ போடப் போனாள். எஸ்தர் நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கியது.

அங்கிருந்தே பாய்க்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிறு காலி பண்ணிவிடுகிறேன் என்றாள். கேட்கிறதா பாய் என்று சத்தமாகக் கேட்டாள்.

“கேக்குதும்மா,” என்றார் பாய். “ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க காலி பண்ண மாட்டீங்களோன்னு பயந்துக்கினே கெடந்தேன்.”